மாத்திரை போட்டுக் கலைத்தேன், முடிவில் வருத்தமில்லை, ஆனாலும் அழுகை நிற்கவில்லை

கேள்வி: பனியன் ஊர்க்காரி

இதை நேரில் கேட்க எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 29 வயது. திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. வீட்டுக்காரர் வேறு கம்பெனியில் பவர் டேபிள் டைலர். பெரியவள் ஒன்றாவது படிக்கிறாள், சின்னவனுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. இரண்டும் ஆபரேஷன்தான். சின்னவன் பிறந்தபோது ரத்தப்போக்கு நிற்காமல், பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றித்தான் என்னைக் காப்பாற்றினார்கள். 'உடம்பு தேறட்டும், அப்புறம் வந்து குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்' என்று சொல்லி அனுப்பினார்கள். மாமியாருக்கு ஆஸ்பத்திரி, வீட்டுக் கடன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அது தள்ளிக்கொண்டே போனது.

போன ஆடியில் நாள் தள்ளியது. கிட் வாங்கிப் பார்த்தால் இரண்டு கோடு. அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு நானும் அவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசினோம். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. 'உனக்கு ஏதாவது ஆனால் இந்த இரண்டும் என்ன ஆகும்' என்று கேட்டார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனில் 7 வாரம் என்றார்கள். கரு சரியான இடத்தில் இருக்கிறதா, பழைய தையல் மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று நன்றாகப் பார்த்தார்கள். டாக்டரம்மா அவரை வெளியே அனுப்பிவிட்டு, 'இது உன் முடிவுதானே' என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன். ஒரு மாத்திரையை அங்கேயே விழுங்கச் சொன்னார். ஒரு நாள் விட்டு, வீட்டில் நான்கு மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னார்.

அது ஞாயிற்றுக்கிழமை. மாமியாரிடம் மாதவிலக்கு வலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கட்டிலே ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம், வயிற்றுப்போக்கு. அப்புறம் இடுப்பில் ஆரம்பித்துத் தொடை வரை இறங்குகிற வலி. இரண்டு பிள்ளைக்கும் நாள் குறித்துக் கத்தி வைத்ததால் பிரசவ வலி எனக்குத் தெரியாது. நான் பட்ட முதல் வலி இதுதான். மத்தியானம் கட்டி கட்டியாகப் போனது. அதில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. பார்க்காமல் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். நான் பார்த்தேன். அதற்கப்புறம் வலி சட்டென்று குறைந்துவிட்டது. சாயங்காலம் எழுந்து பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றினேன். திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு எனக்கு நிம்மதிதான் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். இன்றைக்கு மறுபடி அதே நிலைமை வந்தாலும் இதே முடிவைத்தான் எடுப்பேன்.

ஆனால் இப்போது புரட்டாசி முடியப்போகிறது, திடீர் திடீரென்று அழுகை வருகிறது. எங்கள் லைனில் ஓடுவது பாபா சூட் ஆர்டர், கைக்குழந்தைத் துணி, 0-3 மாத சைஸ். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, உள்பக்கம் திருப்பி, நூல் தொங்குகிறதா, பட்டன் ஒழுங்காக அழுத்துகிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னால் எத்தனையோ முறை இதே வேலையைச் செய்திருக்கிறேன். இப்போது கையில் எடுத்தால் கண் நிறைந்துவிடுகிறது. துணியில் சொட்டிவிடப் போகிறதே என்று பாத்ரூமுக்குப் போய் நிற்கிறேன். சூப்பர்வைசர் 'என்னம்மா, அடிக்கடி போகிறாய்' என்று கேட்டுவிட்டார்.

உடம்பும் சரியில்லை. மூன்று வாரம் போல லேசாகப் பட்டுக்கொண்டே இருந்தது. போன மாதம் தீட்டு வந்தபோது அதிகமாகப் போனது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலைமுடி கொட்டுகிறது. செல்போனில் தேடினால் மார்புப் புற்றுநோய் வரும், பைத்தியம் பிடிக்கும், இனி பிள்ளையே தங்காது என்று வீடியோ வீடியோவாக வருகிறது. அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. முன்பெல்லாம் சாப்பிடும்போது கம்பெனிக் கதை சொல்வார், இப்போது அதுவும் இல்லை.

என் முடிவு சரி என்று எனக்கே தெரியும்போது இந்த அழுகை எதற்கு? இது உடம்பா, மனசா? நான் செய்தது தப்பு என்று என் மனசு சொல்கிறதா? தெரிந்தவர்கள், பட்டவர்கள் சொல்லுங்கள்.


பதில்: பழைய நர்ஸம்மா

கண்ணு, நான் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டிலும் குடும்பநல வார்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உன் எழுத்தைப் படித்ததும் முதலில் சொல்லத் தோன்றியது: நாளைக்கே போய் ரத்தம் பார். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேள். பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சின்னவன் பிறந்தபோது அவ்வளவு ரத்தம் போயிருக்கிறது, அது முழுதாகத் தேறுவதற்குள் இது. மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, தொட்டதற்கெல்லாம் கண் கலங்குவது, மூன்றுக்கும் ரத்தக்குறைவு காரணமாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு சேர்த்துப் போடாதே, சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நீ போட்ட முதல் மாத்திரை மிஃபிப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம். கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கிற புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அது வேலை செய்யவிடாது. அடுத்துப் போட்ட நான்கும் மிசோப்ரோஸ்டால். அது கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து வெளியே தள்ளும். குளிர் நடுக்கமும் வயிற்றுப்போக்கும் அந்த மருந்தின் வேலைதான், உன் உடம்பில் கோளாறு இல்லை. லேசாகப் படுவது பெரும்பாலும் இரண்டு வாரத்தில் நிற்கும், சிலருக்கு நான்கு வாரம் வரை இழுக்கும். அடுத்த தீட்டு அதிகமாகப் போவதும் உண்டு. கர்ப்பம் நின்றதும் ஹார்மோன் எல்லாம் சில நாட்களுக்குள் மளமளவென்று இறங்குகிறது. பிள்ளை பெற்றவள் மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுவாளே, அதுவும் ஹார்மோன் இறங்குகிற அழுகைதான். 7 வாரத்தில் கலைந்தாலும் அந்த இறக்கம் உண்டு. ஆனால் இரண்டு மாதம் கழித்து வருகிற அழுகையை ஹார்மோன் மேல் போட்டுவிட்டு நான் நகர்ந்துபோக மாட்டேன். அதில் மனசும் இருக்கிறது.

வார்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு, கருவாடு, பிரசவ லேகியம் என்று ஆக்கிப் போட அம்மா வருவாள், பெரியம்மா வருவாள். தலைக்கு ஊற்றி, சாம்பிராணி போட்டு, எழுந்திருக்காதே என்று அதட்டுவார்கள். கலைத்தவளுக்கு இதில் ஒன்றும் கிடையாது. பலபேர் ஆட்டோவில்கூடப் போகாமல், பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் நின்றபடி ஊருக்குப் போவார்கள். மறுநாள் களை எடுக்கப் போவார்கள். நீ தோசை ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு எனக்கு மனசு கனத்தது. அன்றைக்கு ஓய்வெடுக்க வேண்டிய உடம்பும் ஓய்வெடுக்கவில்லை, அழ வேண்டிய கண்ணும் அழவில்லை. அது இப்போது வருகிறது.

இன்னொன்று. உனக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும். டாக்டர் சான்று இருந்தால், சட்டப்படி செய்த கருக்கலைப்புக்கும் 6 வாரம் வரை பணப்பலனோடு விடுப்பு உண்டு. மகப்பேறு நல விதிகளிலும் இதே 6 வாரம்தான். கம்பெனிகளில் இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, பெண்களும் கேட்பதில்லை. உனக்கு நாள் கடந்துவிட்டது, ஆனால் உன் லைனில் உட்கார்ந்திருக்கிற மற்ற பிள்ளைகளுக்காவது தெரியட்டும்.

வீடியோக்களை நம்பாதே. மார்புப் புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று 16 நாடுகளில் நடந்த 53 ஆய்வுகளை, 83,000 நோயாளிகளின் விவரத்தோடு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2004ல் வெளியிட்டார்கள். தொடர்பு இல்லை என்றுதான் வந்தது. முறையாகச் செய்து, சிக்கல் இல்லாமல் முடிந்தால் அடுத்துப் பிள்ளை தங்குவதற்கும் தடை இல்லை. சொல்லப்போனால் உனக்குப் பயம் வேண்டியது எதிர்ப்பக்கம். மாத்திரை போட்ட இரண்டாவது வாரத்திலேயே கருமுட்டை வெளிவரலாம், அடுத்த தீட்டு வரும்வரை ஒன்றும் ஆகாது என்று இருந்துவிடக் கூடாது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுதாக நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மாத்திரைக்கும் அடங்காத வயிற்றுவலி, மயக்கம், இவற்றுக்கும் அப்படியே. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கித் தின்னாதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை கேட்காது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். ஸ்கேன் பார்ப்பது அதற்காகத்தான்.

தப்பா என்று கேட்டாய். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், எருக்கங்குச்சி வைத்துக்கொண்டு, காய்ச்சலும் சீழுமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கருக்கலைப்புச் சட்டம் 1971லேயே வந்துவிட்டது, ஆனாலும் ஊரில் தெரிந்துவிடும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டார்கள். அப்படி வந்தவர்களில் சிலரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அவர்களும் உன்னைப் போல இரண்டு, மூன்று பிள்ளைக்குத் தாய்தான். நீ பிள்ளைகளுக்குத் தாயாக உயிரோடு இருக்க வேண்டும் என்று யோசித்து, டாக்டரிடம் போய், முறையாகச் செய்துகொண்டாய். அதில் தப்பு எனக்குத் தெரியவில்லை. அழுகை வருகிறது என்பதற்காக நீ எடுத்த முடிவு தப்பாகிவிடாது. அழு. ஆனால் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதே. 14416க்குப் போன் செய், அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசுவார்கள்.


பதில்: நாமக்கல் லோடு வண்டி

தங்கச்சி, ஆம்பளை பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாம் என்று எழுதுகிறேன். நான் லாரி டிரைவர், நாக்பூர் லைன். எங்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு அப்புறம் இதே மாதிரி வந்தது. என் மனைவிக்குச் சர்க்கரையும் பிரஷரும். இரண்டு பேரும் பேசித்தான் முடிவெடுத்தோம். ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். உள்ளே அவள், வெளியே வேப்பமரத்தடியில் நான். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் 'என்ன குழந்தை?' என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னையும் ஒருவர் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து டீக்கடைக்குப் போனேன்.

அப்புறம் வண்டி எடுத்துவிட்டேன். ஹைதராபாத் தாண்டி ராத்திரி ஓட்டும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். கிளீனர் பையன் பக்கத்தில் தூங்குவான். யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொல்ல முடியாது, கூட ஓட்டுகிறவர்களிடம் சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும். வலியெல்லாம் பட்டது அவள், நான் என்ன பட்டேன், நான் போய் அவளிடம் அழுதால் அவளுக்குப் பாரம்தானே என்று நினைத்தேன். அதனால் போனில் பேசும்போது அரிசி இருக்கிறதா, பீஸ் கட்டியாச்சா, இவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மொட்டை மாடியில் அப்படிப் பேசிய மனுஷன் கோபத்தில் வாய் மூடியிருக்கமாட்டார் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அவள்தான் முதலில் பேசினாள். 'உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா' என்று ஒரு நாள் கேட்டாள். அவ்வளவுதான், அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அதற்கப்புறம் வீடு வீடாக இருந்தது. நீயும் கேட்டுப் பார்.

இன்னொரு விஷயம், அவரிடமும் இதைக் காட்டு. இனி அவள் உடம்பில் கத்தியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்று நானே போய் வாசெக்டமி, அதாவது ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு, செய்துகொண்டேன். தழும்பு தெரியாத அளவுக்குச் சின்ன ஓட்டை, தையல்கூட இல்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் பாரம் தூக்காமல் இருந்துவிட்டு மறுபடி வண்டி ஏறினேன். பலம் போய்விடும், ஆண்மை போய்விடும் என்பதெல்லாம் பேச்சுத்தான். நான் இப்போதும் தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிறேன். ஆனால் செய்த உடனே பலன் கிடையாது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வரும்வரை ஆணுறை வேண்டும்.


பதில்: மல்லிகைக்கொடி

தங்கச்சி, என் கதை வேறு. ஆனால் நீ துணியைக் கையில் எடுத்தால் அழுகை வருகிறது என்றாயே, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கியது. ஊரே சந்தோஷப்பட்டது. 20 வாரத்தில் அனாமலி ஸ்கேன், குழந்தைக்கு உறுப்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. பார்த்த டாக்டர் பேசிக்கொண்டே இருந்தவர், ஒரு இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் இல்லை. பனிக்குட நீர் இல்லவே இல்லை. நீர் இல்லையென்றால் நுரையீரல் வளராது, பிறந்தாலும் மூச்சு விட முடியாது என்று விளக்கினார். வேறு இடத்திலும் பார்த்தோம், அதையேதான் சொன்னார்கள். 2021ல் சட்டத்தைத் திருத்தியதால் இப்படிப்பட்ட நிலையில் இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் 24 வாரம் வரை செய்யலாம். அதைத் தாண்டினால் மருத்துவக் குழுவுக்குப் போக வேண்டும்.

20 வாரத்துக்குமேல் என்றால் அது பிரசவம்தான். ராத்திரி முழுக்க வலி. பக்கத்துக் கட்டிலில் குழந்தை அழுகிற சத்தம். பார்க்கிறாயா என்று நர்ஸ் கேட்டார். பார்த்தேன், கையில் வாங்கினேன். அது எனக்கு நல்லதாகத்தான் இருந்தது, எல்லோருக்கும் அப்படி இருக்கும் என்று சொல்லமாட்டேன். மாமனாரும் என் தம்பியும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று, பால். மூன்றாம் நாள் காலையில் எழுந்தால் மார்பு கல்லாக இருக்கிறது, ஜாக்கெட் நனைந்திருக்கிறது. உடம்புக்கு என்ன தெரியும், பிள்ளை பிறந்தது என்றுதான் அது நினைத்துக்கொண்டது. அந்தக் காலையைவிடக் கொடுமையான நேரம் என் வாழ்க்கையில் இல்லை. அம்மா மல்லிகைப்பூவைத் தொடுத்து மார்பில் வைத்துக் கட்டிவிட்டார். பாட்டி வைத்தியம் என்றுதான் அன்று நினைத்தேன். 1988ல் இதைப் பால் நிறுத்துகிற புரோமோகிரிப்டின் மருந்தோடு ஒப்பிட்டு ஆய்வே செய்திருக்கிறார்கள் என்றும், மல்லிகைக்கும் பலன் இருந்தது என்றும் பிற்பாடு தெரிந்தது. இப்போது காபர்கோலின் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அதன் பிறகு ஒரு வருஷம் மல்லிகை வாசனையே ஆகவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருந்ததற்கு மற்றவர்கள் வேறு காரணம் நினைத்துக்கொண்டார்கள்.

கர்ப்பம் பதிந்து எண் வாங்கியிருந்ததால் கிராம சுகாதார நர்ஸ் 'ஊசி போட வரவில்லையே' என்று போன் செய்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீங்கள் யாராவது இந்த நிலையில் இருந்தால், அந்தப் போனை எடுக்கிற வேலையை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நீ கேட்டதற்கு நான் படித்த ஒன்று உதவும். அமெரிக்காவில் டயானா கிரீன் ஃபாஸ்டர் என்பவர் தலைமையில் டர்ன்அவே ஆய்வு என்று நடந்தது. 21 மாநிலங்களில், கருக்கலைப்புக்காக வந்த சுமார் 1,000 பெண்களை ஐந்து வருஷம் விடாமல் பின்தொடர்ந்து கேட்டார்கள். செய்துகொண்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல், எடுத்த முடிவு சரி என்றுதான் சொன்னார்கள். வருத்தம், குற்ற உணர்வு எல்லாம் ஆரம்பத்தில் பலருக்கு இருந்தது, காலம் போகப் போகக் குறைந்தது. முடிவெடுக்கக் கஷ்டப்பட்டவர்களுக்கும், ஊர் என்ன சொல்லும் என்று பயந்தவர்களுக்கும் அந்த வருத்தம் ஆரம்பத்தில் அதிகம் இருந்தது. அவர்கள் ஊர் வேறு, நம் ஊர் வேறு. ஆனாலும் மாமியாருக்குத் தெரியாமல் ஒரே நாளில் படுத்து எழுந்து வேலைக்குப் போன உனக்கு இந்தக் கடைசி விஷயம் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சூப்பர்வைசர் பெண் என்றால், உடம்பு சரியில்லை, கொஞ்ச நாளைக்குப் பெரிய சைஸ் லைனுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேளேன். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீ தைரியமாக இருக்கிறாய் என்று காட்டுவதற்காக அந்தத் துணியோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டாம்.


பதில்: சேலத்து அத்தை

எல்லோரும் நல்லதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் மாறாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு வருத்தம் உண்டு. இன்றைக்கும் உண்டு. எனக்கு வயது 50க்கு மேல். முதல் இரண்டும் பெண். மூன்றாவது தங்கியபோது மாமியாரும் மாமனாரும் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார்கள். அப்போது 1994 சட்டம் வந்துவிட்டது, பாலினம் சொல்லக்கூடாது. ஆனாலும் சொன்னார்கள். மறுவாரம் என்னை எங்கே கூட்டிப்போகிறார்கள் என்றுகூடச் சொல்லாமல் கூட்டிப்போனார்கள். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவள் இருந்திருந்தால் இப்போது வேலைக்குப் போயிருப்பாள்.

அதனால் சொல்கிறேன் பாப்பா. உன்னைத் தனியாக உட்காரவைத்து அந்த டாக்டரம்மா கேட்டார் என்றாயே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும். 18 வயது ஆனவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்துகூட வேண்டாம் என்றுதான் சட்டம். அவள் வேண்டாம் என்றால் யாரும் செய்யக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. இதைப் படிக்கிற பிள்ளைகள் யாரையாவது வீட்டில் கட்டாயப்படுத்தினால், டாக்டரிடம் 'எனக்கு விருப்பமில்லை' என்று வாய் திறந்து சொல்லுங்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.


பதில்: பனியன் ஊர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. அத்தை எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை அத்தை.

ரத்தம் பார்த்தேன், 8.4. நர்ஸம்மா சொன்னது சரிதான். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அடுத்த மாதமும் ஏறாவிட்டால் ஊசி வழியாக ஏற்றலாம் என்றார்கள். ஸ்கேனில் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டேன், ஆண்கள் டி-ஷர்ட் லைனுக்கு மாற்றிவிட்டார், காரணம் கேட்கவில்லை.

அண்ணா, அவரிடம் நீங்கள் சொன்னபடியே கேட்டேன். அவர் அழவில்லை. நான் வலியில் முனகிய அன்று மாமியார் பக்கத்தில் இருந்ததால் உள்ளே வந்து கையைக்கூடப் பிடிக்க முடியவில்லை, அதுவே மனசில் நிற்கிறது என்றார். உங்கள் பதிலை முழுக்கப் படித்தார். வாசெக்டமி பற்றி இன்னும் பிடி கொடுக்கவில்லை, யோசிக்கிறேன் என்கிறார். அதுவரைக்கும் நான் என்ன போடலாம்? இரண்டு சிசேரியன் ஆன எனக்குக் காப்பர் டி வைக்கலாமா? இல்லை மூன்று மாத ஊசியா?


பதில்: பழைய நர்ஸம்மா

8.4 என்றால் குறைவுதான், மாத்திரையை நடுவில் நிறுத்தாதே. சிசேரியன் ஆனவர்களுக்கும் காப்பர் டி வைக்கலாம், தடையில்லை. ஆனால் அதனால் தீட்டு கொஞ்சம் அதிகமாகப் போகும், உன் ரத்த அளவுக்கு இப்போது அது வேண்டாம் என்பது என் எண்ணம். அந்தரா ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தீட்டு ஒழுங்கில்லாமல் வரலாம், சிலருக்கு நின்றே போகும், பயப்பட வேண்டாம். போகிறபோது 8.4 சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போ, டாக்டர் பார்த்து முடிவு சொல்லட்டும். அவரையும் கூட்டிக்கொண்டு போ.